ஓர் ஊழியர், இரண்டு மாகாணம்: கனடாவில் சம்பளக் கணக்கை எந்த மாகாணத்தின்படி போடுவது?

கேட்கப்பட்டது இது. ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சிறு நிறுவனம். கட்டடங்களுக்குச் சூடேற்றும் கருவிகளும் குளிரூட்டிகளும் பொருத்துவது தொழில். மதிப்பீடு தயாரிக்கும் ஊழியர் ஒருவர் குடும்பத்துடன் அல்பேர்ட்டாவிலுள்ள கல்கரிக்குப் போய்விட்டார். வீட்டிலிருந்தே முழுநேரமும் வேலை செய்கிறார். இன்னொருவர் கியூபெக்கிலுள்ள கற்றினோவில் குடியிருந்துகொண்டு ஒன்ராறியோவிலுள்ள ஒட்டாவா கிளைக்கு வந்துபோகிறார். பொருத்துநர்கள் இருவர் ஆறு மாத வேலைக்காகப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வன்கூவருக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு சிறிய பண்டகசாலையும் வாடகைக்கு எடுத்தாயிற்று. இந்த நால்வருக்கும் எந்த மாகாணத்து வரியைப் பிடிப்பது?

வரியைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் பல மாகாணச் சம்பளக் கணக்கில், பிழைத்தால் பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில் சரியாகிவிடுகிற பகுதி வருமான வரிதான். கியூபெக் தவிர்ந்த எல்லா மாகாணங்களின் வருமான வரியையும் சி.ஆர்.ஏ. எனப்படும் கனடா வருவாய் முகமையே வசூலிக்கிறது. ஒன்ராறியோவுக்குப் பிடித்தது பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் பிடித்திருக்க வேண்டியது என்றாலும் பணம் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும்; ஊழியர் வரி அறிக்கை தாக்கல் செய்யும்போது கணக்கு நேராகும். நேராகாதவை மூன்று: வேலையிடத்து விபத்துக் காப்பீடு, வேலைநியமச் சட்டம் (மிகைநேரம், விடுமுறை, விடுப்பு பற்றிய விதிகள்), கியூபெக். கவலைப்பட வேண்டிய வரிசை முதலாளிகள் கவலைப்படும் வரிசைக்கு நேர்மாறானது. இருந்தாலும் கேட்ட கேள்விக்கு முதலில் வருகிறேன்.

சம்பளத்தில் பிடிக்க வேண்டிய வரி, ஊழியர் எங்கே குடியிருக்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. அவர் முதலாளியின் எந்த வேலைத்தலத்துக்கு வேலைக்கு வருகிறார் என்பதைத்தான் பார்க்கிறது. வேலைத்தலம் என்றால் முதலாளிக்குச் சொந்தமான, அல்லது அவர் வாடகைக்கோ குத்தகைக்கோ எடுத்த இடம். ஊழியர் வேலைக்கு வரும் இடமாகவோ சம்பளம் வழங்கப்படும் இடமாகவோ அது இருக்க வேண்டும். நிரந்தரமான கட்டடமாக இருக்க வேண்டும் என்பதில்லை; கட்டுமானத் தளமும் சேரும். எந்த வேலைத்தலத்துக்கும் போகாத ஊழியருக்கு, அவருடைய சம்பளம் எந்த இடத்திலிருந்து வழங்கப்படுகிறதோ அந்த மாகாணம். குடியிருப்பு கணக்கில் வருவது பின்னர்தான்: டிசம்பர் 31 அன்று அவர் எந்த மாகாணத்தில் வசித்தாரோ அந்த மாகாணத்து விகிதத்தில்தான் அந்த ஆண்டின் இறுதி வரி கணக்கிடப்படும். பிடித்தது ஒரு மாகாணத்துக்கு, செலுத்த வேண்டியது இன்னொன்றுக்கு என்று ஆவது இதனால்தான். இது யாருடைய பிழையும் அல்ல; சட்டமே அப்படி.

கல்கரிக்காரர் விடயத்தில் 2024 ஜனவரி 1 முதல் ஒரு மாற்றம் நடைமுறையில் இருக்கிறது. முன்பு வீட்டிலிருந்து வேலை செய்பவர் எந்த வேலைத்தலத்துக்கும் வராதவராகவே கருதப்பட்டார். இப்போது, முதலாளியின் ஒப்புதலோடு முழுநேரமும் வெளியிலிருந்து வேலை செய்யும் ஊழியர், நிறுவனத்தின் ஒரு வேலைத்தலத்தோடு இணைந்தவராக இருந்தால் அங்கே வேலைக்கு வருபவராகவே கொள்ளப்படுவார். இணைப்பைத் தீர்மானிக்கும் முதற்கேள்வி: இந்த ஏற்பாடு இல்லையென்றால் அவர் எந்த அலுவலகத்துக்குப் போயிருப்பார்? அதில் தெளிவில்லையென்றால், நேரடிக் கூட்டங்களுக்கு எங்கே வருகிறார், கணினியும் கருவிகளும் எங்கிருந்து போகின்றன, அறிவுறுத்தல்களை எங்கிருந்து பெறுகிறார், யார் எங்கிருந்து அவரை மேற்பார்வை செய்கிறார் என்று பார்ப்பார்கள். உங்கள் மதிப்பீட்டாளர் மார்க்கத்து அலுவலகத்தில் இருந்தவர், உங்களுக்குக் கல்கரியில் இடம் எதுவும் இல்லை. ஆகவே ஒன்ராறியோ வரிதான். எவ்வளவு வரி பிடிப்பது என்பதற்காக அவர் நிரப்பித் தர வேண்டிய மாகாண ரிடி1 படிவமும் ஒன்ராறியோவுக்குரியதே, அல்பேர்ட்டாவுக்குரியது அல்ல. இதைத்தான் பலர் மாற்றிச் செய்கிறார்கள்: ஊழியர் புது முகவரி கொடுத்தவுடன் மென்பொருளில் மாகாணத்தையும் சேர்த்து மாற்றிவிடுகிறார்கள். முகவரியை மாற்றுங்கள், வேலை மாகாணத்தைத் தொடாதீர்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்திருங்கள். அரைப் பக்கம் போதும். முழுநேரமும் வெளியிலிருந்து வேலை, தொடங்கிய தேதி, எந்த அலுவலகத்தோடு இணைந்தவர், யார் மேலதிகாரி. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தணிக்கையாளர் கேட்கும்போது இந்தத் தாள் பேசும். வாட்ஸ்அப் உரையாடல் பேசாது.

அவர் அல்பேர்ட்டாவுக்கு இறுதி வரி செலுத்துவார். இரு மாகாணங்களின் விகிதங்களும் அடிப்படைக் கழிவுகளும் வேறு வேறு. வருமானத்தைப் பொறுத்து அவருக்குப் பணம் திரும்பவும் வரலாம், கட்ட வேண்டியும் வரலாம். கூடுதலாகப் பிடிபடுகிறது என்றால் ரி1213 படிவத்தில் சி.ஆர்.ஏ.யிடம் விண்ணப்பித்து, பிடித்தத்தைக் குறைக்கும் அனுமதிக் கடிதம் பெறலாம். கடிதம் கைக்கு வரும்வரை நீங்களாகக் குறைக்கக் கூடாது. குறைவாகப் பிடிபடுகிறது என்றால் ரிடி1 படிவத்திலேயே சம்பளத்துக்கு இத்தனை டொலர் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். ஊழியருக்கு இதை நவம்பரில் சொல்வதைவிட அவர் குடிபெயரும் மாதத்திலேயே சொல்வது நல்லது. ஒன்ராறியோவில் வசித்துக்கொண்டு அல்பேர்ட்டாவின் எண்ணெய் மணல் தளங்களுக்குப் பறந்துபோய் வேலை செய்பவர்களுக்கு இதே கதை தலைகீழாக நடக்கிறது. அல்பேர்ட்டா பிடித்தத்தில் இல்லாத ஒன்ராறியோ சுகாதாரப் பிரிமியம், வருமானத்துக்கேற்ப 900 டொலர் வரை, ஏப்ரலில் அவர்கள் தலையில் வந்து விழும்.

வன்கூவர் இருவருக்கு வருவோம். வாடகைப் பண்டகசாலை உங்கள் வேலைத்தலம். அவர்கள் அங்கே வேலைக்கு வருகிறார்கள். எனவே பிரிட்டிஷ் கொலம்பியா வரி. ஒரே சம்பளக் காலத்தில் சில நாள் மார்க்கம், சில நாள் வன்கூவர் என்று இருந்தால், அந்தக் காலத்தில் அதிக நேரம் எங்கே வேலை செய்தார்களோ அந்த மாகாணம் முழுக் காலத்துக்கும் பொருந்தும். நாள்வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. போன தேதியும் திரும்பும் தேதியும் எந்தச் சம்பளக் காலத்தில் விழுகின்றன என்று குறித்து வையுங்கள். ஆண்டு முடிவில் அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு ரி4 (ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்தத்தையும் காட்டும் சீட்டு): பத்தாவது பெட்டியில் ஒன்றில் ஒன்ராறியோ, மற்றதில் பிரிட்டிஷ் கொலம்பியா. ஒரே ரி4இல் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது வசதிதான், ஆனால் தவறு.

இங்கே மென்பொருள் செய்யும் ஒரு குறும்பைக் கவனிக்க வேண்டும். சில திட்டங்களில் மாகாணம் மாற்றுவதற்காக ஊழியரைப் புது ஆளாகப் பதிவுசெய்யச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் கனடா ஓய்வூதியத் திட்டம் (சி.பி.பி.), வேலையின்மைக் காப்பீடு ஆகியவற்றின் ஆண்டுக் கூட்டுத்தொகை சுழியத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஒரே முதலாளி என்றால் மாகாணம் மாறினாலும் ஆண்டு உச்சவரம்பு ஒன்றுதான். 2025இல் ஓய்வூதியத் திட்டத்துக்கு ஊழியர் பங்கு 5.95 சதவீதம், 3,500 டொலர் விலக்குப் போக 71,300 டொலர் வரை, அதிகபட்சம் 4,034.10 டொலர், அதற்கு மேல் 81,200 டொலர் வரையான ஊதியத்துக்கு இரண்டாம் கட்டமாக 4 சதவீதம். அதே ஆண்டில் வேலையின்மைக் காப்பீடு 1.64 சதவீதம், 65,700 டொலர் வரை. ஜூலையில் புதுப் பதிவு திறந்து சுழியத்திலிருந்து பிடித்தால் ஊழியரிடமும் கூடுதல் போகும், உங்கள் பங்கும் கூடுதல் போகும். அதிலும் வேலையின்மைக் காப்பீட்டில் முதலாளி பங்கு ஊழியர் பங்கைப்போல 1.4 மடங்கு. ஊழியருக்கு வரி அறிக்கையில் திரும்பக் கிடைத்துவிடும். உங்களுடையதை நீங்கள்தான் துரத்திப் பிடிக்க வேண்டும்.

கற்றினோக்காரர்தான் உங்கள் பட்டியலில் கடினமானவர், அவர் தினமும் அலுவலகத்துக்கு வருபவராக இருந்தும். ஒட்டாவா ஆற்றின் மேலுள்ள பாலத்தைக் கடந்து வேலைக்கு வருகிறார், வேலைத்தலம் ஒன்ராறியோ. எனவே உங்கள் பக்கம் எளிது: ஒன்ராறியோ வரி, சி.பி.பி., முழு விகித வேலையின்மைக் காப்பீடு, ரி4இல் ஒன்ராறியோ. கியூபெக்கின் வரித் துறையான ரெவென்யூ கியூபெக்கிடம் அவருக்காக நீங்கள் எதுவும் செலுத்துவதில்லை. அவர் பக்கம்தான் சிக்கல். கியூபெக் வாசி என்பதால் மத்திய அரசுக்கு ஒன்று, கியூபெக்குக்கு ஒன்று என இரண்டு வரி அறிக்கைகள் தாக்கல் செய்கிறார். பிடித்த பணம் எல்லாம் மத்திய அரசிடம் இருக்கிறது. கியூபெக்கிடம் ஒன்றும் இல்லை. இதற்காக, கியூபெக்குக்கு வெளியே பிடிக்கப்பட்ட வருமான வரியில் 45 சதவீதம் வரை கியூபெக்குக்கு மாற்றிவிட மத்திய வரி அறிக்கையில் இடம் இருக்கிறது. பல வேளைகளில் அதற்குப் பிறகும் கியூபெக்குக்குப் பாக்கி நிற்கும், ஏனெனில் அங்கே வரி கூடுதல். கியூபெக்கின் பெற்றோர் விடுப்புக் காப்பீட்டுக்கான தொகையையும் அவரே வரி அறிக்கை வழியாகச் செலுத்துகிறார். ரிடி1இல் கூடுதல் பிடித்தம் கேட்கும்படி அவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால், ஆண்டுக்கணக்கில் பாக்கி வந்து, காலாண்டுத் தவணை கட்டும்படி கடிதம் வரும்; அப்படிக் கடிதம் வரும் பாக்கியின் வரம்பு கியூபெக்கில் 1,800 டொலர், மற்ற மாகாணத்தவருக்கு மத்திய வரம்பு 3,000 டொலர்.

இதே ஆள் நாளை கியூபெக்கில் உள்ள உங்கள் கிளைக்கு மாறினால் கதை முழுதாகப் புரளும். நம்மவர்களில் பலருக்கு ரொறன்ரோவுக்கு அடுத்தபடி உறவும் வாடிக்கையாளரும் இருப்பது மொன்றியலில்; அடுத்த கிளை அங்கேதான் திறப்பார்கள். திறப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளட்டும். ரெவென்யூ கியூபெக்கில் முதலாளியாகத் தனிப் பதிவு. சி.பி.பி.க்குப் பதில் கியூபெக் ஓய்வூதியத் திட்டம், 2025இல் 6.40 சதவீதம். வேலையின்மைக் காப்பீடு குறைந்த விகிதத்தில், அதே ஆண்டில் 1.31 சதவீதம், குறைத்த இடத்தில் பெற்றோர் விடுப்புக் காப்பீடு, ஊழியருக்கு 0.494, முதலாளிக்கு 0.692 சதவீதம். வரியை மத்திய அரசுக்கு ஒரு பங்கு, கியூபெக்குக்கு ஒரு பங்கு என இரண்டாகப் பிரித்துச் செலுத்த வேண்டும். ஆண்டு முடிவில் ரி4 மட்டும் போதாது, ரெலெவே 1 என்ற சீட்டும் வேண்டும். இவற்றுக்கு மேல் முதலாளி தன் கையிலிருந்து கட்டும் சுகாதார சேவை நிதி 1.65 சதவீதத்தில் தொடங்கி 4.26 வரை போகிறது. உங்கள் விகிதம் என்ன என்பதைக் கியூபெக் சம்பளத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க மாட்டார்கள். ஒன்ராறியோ உட்பட எல்லா இடத்துச் சம்பளத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். மொன்றியலில் ஒரே ஓர் ஆள்தானே, ஆகக் குறைந்த விகிதம்தான் என்று திட்டம் போட்ட முதலாளிகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கட்டுவது என்னவோ கியூபெக் ஊதியத்துக்கு மட்டும்தான், ஆனால் விகிதம் உயர்ந்துவிடும்.

கியூபெக் எல்லையில் செய்த பிழை ஏன் சரியாகாது என்றால், அங்கே கருவூலங்கள் இரண்டு. சி.ஆர்.ஏ.யிடம் தவறாகக் கட்டிய பணத்தை ரெவென்யூ கியூபெக் தன் பாக்கியில் கழித்துக்கொள்ளாது. ஒன்றிடம் திரும்பக் கேட்டுக்கொண்டே மற்றதற்கு வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

வரியை இதோடு விடுகிறேன். நான் முதலில் பார்க்கச் சொல்வது விபத்துக் காப்பீட்டை. ஒன்ராறியோவில் டபிள்யூ.எஸ்.ஐ.பி., பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேர்க்சேஃப் பி.சி., அல்பேர்ட்டாவில் டபிள்யூ.சி.பி., கியூபெக்கில் சி.என்.இ.எஸ்.எஸ்.ரி. ஒவ்வொன்றும் தனி வாரியம், தனிக் கணக்கு, தொழில்வாரியாகத் தனி விகிதம். இவை சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை; வேலை எந்த மண்ணில் நடக்கிறது என்று பார்க்கின்றன. உங்கள் இரு பொருத்துநர்களும் ஏணியில் ஏறி, கூரையில் கருவி தூக்குகிறவர்கள். ஆறு மாதம், அதுவும் வாடகை இடத்தோடு. வேர்க்சேஃப் பி.சி.யில் இன்னும் பதிவு செய்யவில்லையென்றால் இதை வாசித்து முடித்ததும் செய்யும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். பதிவில்லாமல் ஒருவர் விழுந்தால், சிகிச்சைச் செலவும் இழந்த ஊதியமும் வாரியத்தின் பொறுப்பில் நின்றுவிடாது. உங்களிடம் வசூலிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. மாகாண வாரியங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம் இருப்பது உண்மைதான். ஒரே ஊதியத்துக்கு இரண்டு இடத்தில் கட்டுவதைத் தவிர்க்க அது உதவும். ஒன்ராறியோவுக்கு அறிக்கை தரும்போது வன்கூவரில் உழைத்த நாட்களின் ஊதியத்தைப் பிரித்துக் காட்டுங்கள். கல்கரிக்காரர் மேசை வேலைதான் செய்கிறார். என்றாலும் உங்கள் தொழில்வகைக்கு அங்கே பதிவு வேண்டுமா என்று அல்பேர்ட்டா வாரியத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் போடுங்கள். தொலைபேசியில் சொன்னார்கள் என்பது பின்னால் நிற்காது.

அடுத்தது வேலைநியமச் சட்டம். இதுவும் பொதுவாக வேலை நடக்கும் இடத்தைத்தான் தொடர்கிறது. ஒன்ராறியோ சட்டம் ஒன்ராறியோவில் செய்யும் வேலைக்கும், வெளியே செய்தாலும் ஒன்ராறியோ வேலையின் தொடர்ச்சியாக இருக்கும் வேலைக்கும் பொருந்துகிறது. வன்கூவர் இருவரையும் இரண்டு சட்டங்களும் தொட்டு நிற்கின்றன. சட்ட வாதத்தில் இறங்க வேண்டாம். இரண்டில் ஊழியருக்கு எது நன்மையோ அதைக் கொடுத்துவிடுங்கள், வழக்கறிஞர் கட்டணத்தைவிட மலிவாக முடியும்.

வேறுபாடு எவ்வளவு என்று பாருங்கள். நாளைக்கு 10 மணி நேரம், வாரத்தில் நான்கு நாள். கட்டுமான வேலைகளில் சாதாரணமான ஏற்பாடு. ஒன்ராறியோவில் வாரம் 44 மணி நேரத்துக்கு மேல்தான் மிகைநேரம், ஆகவே இங்கே மிகைநேரமே இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு, 12 மணி நேரத்துக்கு மேல் இரண்டு மடங்கு. வாரத்துக்கு 40 மணி என்ற வரம்பும் தனியாக இருக்கிறது. அதே 40 மணி நேரத்தில் 8 மணி நேரம் மிகைநேரமாகிவிடும். நேரத்தைச் சராசரியாக்கும் எழுத்து ஒப்பந்தம் முன்கூட்டியே செய்திருந்தால் இதைத் தவிர்க்கலாம். பின்தேதி போட்டு எழுத முடியாது. அல்பேர்ட்டாவில் நாளுக்கு 8 அல்லது வாரத்துக்கு 44, இரண்டில் எது அதிக மிகைநேரம் தருகிறதோ அது. கியூபெக்கில் வாரம் 40. வேலையிலிருந்து நிறுத்தினால் கடைசிச் சம்பளத்தை ஒன்ராறியோவில் ஏழு நாளுக்குள், அல்லது அடுத்த சம்பள நாள் அதற்குப் பின் வருமானால் அந்த நாளில் கொடுக்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 48 மணி நேரம்தான் அவகாசம். அங்கே ஆண்டுக்கு ஐந்து நாள் ஊதியத்தோடு மருத்துவ விடுப்பும் உண்டு, ஒன்ராறியோவில் சட்டப்படி இருப்பது ஊதியமில்லாத மூன்று நாள்.

பொது விடுமுறையில் வேடிக்கையான வேறுபாடுகள் உண்டு. ஒன்ராறியோவுக்கும் அல்பேர்ட்டாவுக்கும் எண்ணிக்கை ஒன்றே, ஒன்பது. ஆனால் ஒன்ராறியோவில் டிசம்பர் 26 பாக்சிங் தினம் விடுமுறை, நவம்பர் 11 நினைவு தினம் இல்லை. அல்பேர்ட்டாவில் நவம்பர் 11 விடுமுறை, டிசம்பர் 26 முதலாளியின் விருப்பம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பதினொன்று. 2023 முதல் செப்டம்பர் 30ஆம் தேதியும் அவற்றில் ஒன்று. கல்கரிக்காரருக்கு நவம்பர் 11 அன்று மார்க்கத்திலிருந்து கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பினால், விடுமுறை நாள் வேலைக்குரிய ஊதியமும் சேர்த்து அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் ஒரு தாளில் அட்டவணை போட்டுச் சம்பளம் போடுபவரின் மேசையில் ஒட்டிவைப்பதுதான் வழி.

முதலாளி மட்டும் கட்டும் சுகாதார வரி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் முதல் ஒரு மில்லியன் டொலர் ஊதியத்துக்கு விலக்கு. ஆண்டு ஊதியம் ஐந்து மில்லியனைத் தாண்டினால் விலக்கு போய்விடும். எந்த நிலையத்துக்கும் வராமல் ஒன்ராறியோவிலிருந்து சம்பளம் பெறுபவரும் கணக்கில் வருவார் என்பதால் கல்கரிக்காரரின் ஊதியம் இங்கே சேரும். அல்பேர்ட்டாவில் இப்படி ஒரு வரியே இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அந்த மாகாணத்து ஊதியம் ஒரு மில்லியனைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. இருவருடைய ஆறு மாதச் சம்பளம் அதைத் தொடப் போவதில்லை. மனிற்றோபா, நியூஃபவுண்ட்லாந்து ஆகியவற்றிலும் இப்படி ஒரு வரி உண்டு. வடமேற்குப் பிரதேசங்களுக்கோ நுனாவுட்டுக்கோ ஆளை அனுப்பினால், அங்கே உழைத்த ஊதியத்திலிருந்து ஊழியரிடமே 2 சதவீதம் பிடிக்கும் தனி வரி இருக்கிறது.

லொறிச் சரக்கு நிறுவனம் நடத்துபவர்கள் இதை வாசித்தால் ஒரு வார்த்தை. மாகாண எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றும் நிறுவனம் மத்திய அரசின் கனடா தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறது. வங்கிகள், விமான சேவைகள், தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அப்படியே. மேலே சொன்ன மாகாண மிகைநேரக் கணக்குகள் உங்களுக்குப் பொருந்தாது. நெடுஞ்சாலை ஓட்டுநருக்கு வாரம் 60 மணி நேரத்துக்கு மேலும், நகர ஓட்டுநருக்கு நாளுக்கு 9 அல்லது வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேலும் மிகைநேரம். விபத்துக் காப்பீடு மட்டும் உங்களுக்கும் மாகாண வாரியங்களிடம்தான்.

உங்கள் நால்வருக்கும் இந்த மாதம் செய்ய வேண்டியது: வேர்க்சேஃப் பி.சி. பதிவு, வன்கூவர் இருவரிடமும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குரிய ரிடி1, தொடக்கத் தேதியிலிருந்து அவர்களுடைய மணி நேரத்தை அங்குள்ள விதிப்படி மறுபடி பார்த்து விடுபட்ட மிகைநேரத்தைக் கொடுப்பது, கல்கரிக்காரருக்கு ஒப்பந்தத் தாள், கற்றினோக்காரரிடம் கூடுதல் பிடித்தம் பற்றிய பேச்சு. சி.ஆர்.ஏ.யில் மாகாணத்துக்கு ஒரு சம்பளக் கணக்கு எண் திறக்கத் தேவையில்லை. இருக்கும் எண்ணிலேயே எல்லா மாகாணமும் அடங்கும். பிப்ரவரி கடைசி நாளுக்குள் ரி4 கொடுக்கும்போது சீட்டுகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாகாணத்தவருக்கு இரண்டு சீட்டு என்பதால் எண்ணிக்கை கூடியிருக்கும். ஐந்துக்கு மேல் போனால் இணைய வழியாகத்தான் தாக்கல் செய்ய முடியும்.